மொடக்குறிச்சி 1996: அந்த 1,033 பேரில் எங்கள் அப்பாவும் ஒருவர்

வாய்க்கால்மேடு

அப்பா காலமாகி இந்தத் தை மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. பட்டா மாற்றுவதற்காக பீரோவில் பழைய காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, சொசைட்டிக் கடன் புத்தகத்துக்குள் நான்காக மடித்த ஒரு ரசீது கிடைத்தது. 250 ரூபாய். மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதி, வேட்பாளர் கட்டுத்தொகை, 1996.

இளைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் மட்டும் 1,033 பேர் நின்றார்கள். இந்தியாவில் வேறு எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் அத்தனை பேர் நின்றதில்லை. பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்பதை நாட்டுக்கே காட்ட விவசாயச் சங்கத்தார் எடுத்த வழி அது. வாக்குச்சீட்டு ஒரு தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாகிவிட்டது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார், அதிமுகவின் ஆர்.என். கிட்டுசாமி தோற்றார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு.

அந்த 158 பேரில் எங்கள் அப்பா ஒருவர்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'ஒத்த ஓட்டு' என்று ஆகிவிட்டது. அந்த ஒன்றும் அப்பா தனக்குத்தானே குத்திக்கொண்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் அழுதுகொண்டு வந்து அப்பாவிடம் கேட்டேன், ஏன் நின்றீர்கள் என்று. "மனு எழுதிக் கொடுத்தா குப்பையில போடுவாங்க சாமி. இதை அவங்களே அச்சடிச்சுத்தான் ஆகோணும்" என்றார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

இப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்கு பார்க்கிறேன். ரசீதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்தத் தேர்தல் ஞாபகம் உள்ளவர்கள் எழுதுங்கள். 1,033 பேர் நின்றதால் கடைசியில் என்னதான் நடந்தது?

எழுமாத்தூர் தறிக்காரர்

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கேட்டதால் உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்கு அதுதான் முதல் ஓட்டு. எங்கள் ஆத்தாவைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். வரிசை நகரவே இல்லை. உள்ளே போனவர் வெளியே வர அவ்வளவு நேரம். எழுத்துத் தெரியாத மனுஷி, சின்னத்தைப் பார்த்துக் குத்துகிறவர். அவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, உன் ஆளைத் தேடிக் கண்டுபிடி என்றால் என்ன செய்வார்? வெளியே வந்து, "சரியாத்தான் குத்துனனா தெரியலடா" என்றார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அரசாங்கத்தின் மேல் கோபம் சரி. அதன் பாரம் எங்கள் ஆத்தாவின் தலையில் அல்லவா இறங்கியது?

அப்புறம், இந்த வட்டாரத்தில் குரல் கொடுத்து வாங்கியதும் உண்டு. அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தை எத்தனை தலைமுறை கேட்டது! நடந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், விடவில்லை. 2024 ஆகஸ்டில் திட்டம் திறக்கப்பட்டு 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் வந்தது. அதற்காக யாரும் ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக்கவில்லை.

ஓய்வு ஆசிரியை, ஈரோடு

அந்தத் தேர்தலில் நான் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் இருந்தேன், எத்தனையோ தேர்தல் பணி பார்த்தேன். மறக்க முடியாதது அந்த ஒன்றுதான்.

எழுமாத்தூர் சகோதரர் சொல்வது உண்மை. வயதானவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். ஒரு பாட்டி மறைப்புக்குள் போய் வெகு நேரம் வரவே இல்லை. உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, உதவவும் கூடாது. "அம்மா, முடிந்ததா?" என்று வெளியிலிருந்தே கேட்டேன். "இருங்கம்மணி, எம்பட ஆளு இன்னும் வரல" என்றார். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு தேட வேண்டியிருந்ததற்குக் காரணம், அப்போது வாக்குச்சீட்டில் பெயர்கள் வெறும் அகரவரிசையில்தான் இருக்கும். பெரிய கட்சி வேட்பாளர் என்றாலும் அவர் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கிடக்கும், முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான விவசாயிகள். இன்று அப்படி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவுபெற்ற மற்றக் கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். இந்த வரிசையே 1996-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில்தான் வந்தது.

தம்பி கேட்டாரே, என்ன நடந்தது என்று. சட்டத்தில் நடந்தது இதுதான். 1951-ல் எழுதிய 250 ரூபாய்க் கட்டுத்தொகை 45 வருடம் மாறாமல் இருந்தது. மொடக்குறிச்சித் தேர்தல் முடிந்து சில மாதங்களில், அதே 1996-ல், 5,000 ரூபாயாக்கினார்கள். ஒரேயடியாக இருபது மடங்கு. அதுவரை யாராக இருந்தாலும் ஒருவர் முன்மொழிந்தால் போதும். அதன் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு மட்டும் ஒருவர், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் என்று ஆயிற்று. 2009 திருத்தத்தில் கட்டுத்தொகை 10,000. 1996-லேயே மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்கொண்டாவில் குடிதண்ணீரில் ஃப்ளூரைடு, பெல்காமில் எல்லைப் பிரச்சினை. மூன்று இடத்திலும் மக்கள் ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

குடிமையியல் பாடம் எடுத்தவள் நான். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

சிவகிரி பண்ணையம்

அம்மணி சொன்னதுக்கு மேல் சட்டம் பேச எனக்குத் தெரியாதுங்க. விவசாயி பக்கத்தைச் சொல்கிறேன்.

இது 1996-ல் திடீரென்று முளைத்த கோபம் இல்லைங்க. எங்கள் அப்பாரு காலத்திலேயே தொடங்கியது. 1970-ல் மின்சாரக் கட்டணத்தில் ஏற்றிய ஒரே ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லித்தான் போராட்டம். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். ஒரு பைசாவுக்கு மூன்று உயிர். 1972-ல் வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு ஐயா தலைமையில் கோயமுத்தூர் வீதியெல்லாம் மாட்டுவண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு வண்டியும் போனது. அப்பாரு திரும்பி வந்தபோது காளைக்குக் குளம்பு தேய்ந்திருந்தது, அவருக்கு முகம் தெளிந்திருந்தது என்று ஆத்தா சொல்வார். அந்தப் பலன் பின்னால் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், அப்புறம் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மோட்டாருக்கு இலவசக் கரண்ட்.

நாயுடு ஐயா 1984-ல் போய்விட்டார். அவருக்குப் பிறகு சங்கம் பல துண்டாகிவிட்டது. சட்டமன்றத்தில் பேச ஆளில்லை, தெருவில் இறங்கினால் பழைய பலமில்லை. அந்த நேரத்தில் வந்த யோசனைதான் ஆளாளுக்கு வேட்புமனு. நான் நிற்கவில்லை. என் பங்காளி நின்றார். தாலுகா ஆபீஸ் பக்கம் திருவிழாக் கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடியில் 250 ரூபாயை முடிந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். மஞ்சள் விற்ற காசுங்க அது. பத்து மாதம் காட்டில் கிடந்த பயிர்.

எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால். மொத்தம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு, 200 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகுக்குத் தண்ணீர், அடுத்ததற்கு இரட்டைப்படை மதகுக்கு. ஒரு பாதி நனைந்தால் ஒரு பாதி காயும். கடைமடைக்காரனுக்கு அந்த முறைத் தண்ணீரும் ஒழுங்காக வந்து சேராது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் விதையை ஊறப்போட்டவனுக்குத்தான் தெரியும், மனு எழுதி எழுதிக் கை சலித்துப்போவது என்றால் என்ன என்று.

பூந்துறைப் பொண்ணு

எல்லோரும் பேசுவதைப் படித்தேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்.

அந்த 1,033 பேரில் கூலிக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எங்கள் அம்மா அவல்பூந்துறை சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மஞ்சள் வெட்டி, கரும்பு வெட்டி எங்கள் மூன்று பேரை வளர்த்தவர். 1996-ல் அவருக்கு ஒரு நாள் கூலி 25 ரூபாய். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கட்டுத்தொகை பாதிதான், 125 ரூபாய். அதுவே அம்மாவுக்கு ஐந்து நாள் கூலி. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் தோட்டக்காரருக்கு வெள்ளாமை போகும், எங்களுக்கு அன்றைக்கே அடுப்பு எரியாது. விவசாயி குறை என்று பேசும்போதெல்லாம் நிலம் உள்ளவர் குறை மட்டும்தான் பேச்சில் வருகிறது. போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 'விவசாயி' என்று சொல்லும்போது எங்கள் அம்மாவும் அதில் இருக்க வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

வாய்க்கால்மேடு

அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். எங்கள் வீட்டில் ஐந்து ஏக்கர் இருந்தது. அதுவும் அப்பாவுடையது இல்லை, அம்மா வழியில் வந்தது. அப்பா பொறந்த ஊர் காங்கேயம் பக்கம், வானம் பார்த்த பூமி. கல்யாணத்துக்குப் பிறகு அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்துவிட்டார். கூலி கொடுக்க முடியாமல் அவர் திண்டாடியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, கூலிக்காகத் திண்ணையில் காத்திருந்தவர்களும் ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எழுமாத்தூர் அண்ணா, உங்கள் ஆத்தா பட்ட சிரமத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோவை டவுன்ஹால்

எனக்குத் தேர்தல் கணக்கில் கொஞ்சம் பித்து. அதே தொகுதியில் 2021-ல் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும்.

அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடியும் மொடக்குறிச்சியில் நின்றார். 1977-ல் இதே தொகுதியில் ஜெயித்து எம்.ஜி.ஆரின் முதல் அமைச்சரவையில் மந்திரியானவர், 1996-ல் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நடுவில் ஜெயித்தவர், 2004-ல் திருச்செங்கோட்டில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து நாடாளுமன்றம் போய் மத்திய இணையமைச்சர் ஆனவர். 2021-ல் பாஜகவின் மருத்துவர் சரஸ்வதி 78,125, இவர் 77,844. 281 ஓட்டில் தோல்வி. கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளருக்கு மேல் கூடாது என்று பிரித்திருந்தார்கள். தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர். கணக்குப் போட்டால், சாவடிக்குச் சராசரியாக ஓர் ஓட்டுதான் வித்தியாசம்.

மாநிலத்தில் திமுக கூட்டணி 159, அதிமுக கூட்டணி 75 என்று வந்த தேர்தல் அது. கொங்கில் மட்டும் காற்று வேறு பக்கம் அடித்தது. கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அதிமுக கூட்டணிக்கு, ஈரோட்டில் எட்டில் ஐந்து. ஆனால் பல இடங்களில் நூலிழை. கோவை தெற்கில் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை 1,728 ஓட்டில் முந்தினார். தாராபுரத்தில் திமுகவின் கயல்விழி பாஜகவின் எல். முருகனை 1,393 ஓட்டில் முந்தினார். அன்று ராத்திரி வரை டி.வி. முன்னாலிருந்து நான் எழுந்திருக்கவில்லை.

ஒரே தொகுதி. ஒரு தேர்தலில் 158 பேருக்கு ஒவ்வோர் ஓட்டு, ஊர் பார்த்துச் சிரித்தது. இன்னொரு தேர்தலில் சாவடிக்கு ஓர் ஓட்டு ஒரு மூத்த தலைவரின் கதையையே மாற்றிவிட்டது.

இயந்திரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓட்டுப்பெட்டியில் 16 பட்டன். இப்போதுள்ள இயந்திரத்தில் 24 பெட்டி வரை இணைக்கலாம், நோட்டாவோடு 384 பெயர். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றபோது ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து பெட்டி வைத்தார்கள். 1,033 பேர் இன்று நின்றால் இயந்திரம் தாங்காது, மறுபடி காகிதம்தான்.

மஞ்சள்மண்டி

கோவை நண்பர் 384 என்றதும் எனக்கு நிஜாமாபாத் ஞாபகம் வந்துவிட்டது. நான் பெருந்துறைப் பக்கம் மஞ்சள் ஏலத்தில் வேலை பார்க்கிறவன், அந்த ஊர் சரக்கையும் பார்க்கிறவன்.

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். அதில் 170-க்கு மேல் விவசாயிகள், பெரும்பாலும் மஞ்சள் விளைவிக்கிறவர்கள். மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும், கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அப்போது முதல்வராக இருந்த சந்திரசேகர ராவின் மகள் கவிதா அங்கே எம்.பி. அவர் தோற்றார். வாரியம் கொண்டுவருகிறேன் என்று சொன்ன பாஜக வேட்பாளர் ஜெயித்தார். தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியத்தைத் தொடங்கினார்கள். தலைமையகம் எங்கே தெரியுமா? நிஜாமாபாத்தில்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் விரலியும் கிழங்கும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற மண்டி இது. வாரியத்தின் தலைமையகம் நமக்கு வரவில்லை. 23 வருடம் முன்னாலேயே ஆயிரம் பேர் நின்றது நம் மண்ணில். பலன் கிடைத்தது அவர்களுக்கு. எழுமாத்தூர் அண்ணா, வேட்புமனுப் போராட்டம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுமாத்தூர் தறிக்காரர்

நிஜாமாபாத் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே விவசாயிகளின் கோபம் எந்தப் பக்கம் போகும் என்று கட்சிகளுக்கு பயம் இருந்தது. ஓட்டு பிரிந்தால் யாருக்கு அடி என்று தெரிந்தது. மொடக்குறிச்சியில் யாருக்கும் அடி விழவில்லை. மாநிலம் முழுக்க ஒரே அலை, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்ற வருடம். அந்த அலையில் நம் 1,000 பேர் கரைந்து போனார்கள்.

டெபாசிட்டை ஏற்றியதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். விளையாட்டுக்கு நிற்பவனைத் தடுக்க ஏதாவது வேண்டும்.

ஓய்வு ஆசிரியை, ஈரோடு

சகோதரரே, பத்தாயிரம் ரூபாய் இன்று பணக்காரனுக்கு ஒரு தடையே இல்லை. விளம்பரத்துக்காக நிற்பவர்கள் இன்றும் நிற்கிறார்கள், 2023-ல் 77 பேர் நின்றது எப்படி? தடைபட்டது யார் என்று பாருங்கள். பூந்துறைப் பெண்ணின் அம்மா மாதிரி ஒருவர் ஒரு நாள் துணிந்து நிற்க வேண்டும் என்று நினைத்தால், அவருக்குத்தான் தடை. கட்டுத்தொகை அவருக்குப் பாதி, 5,000. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றாலும் அந்தப் பணம் திரும்பும். எழுதி வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. 88 பேருக்குப் பூஜ்யம் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள், தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போடவில்லையா என்று. சட்டமன்றத் தேர்தலில் நிற்க, அந்தத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிலத்தில் எந்தத் தொகுதியின் பட்டியலில் பெயர் இருந்தாலும் போதும். ஆனால் ஓட்டுப் போடுவது பெயர் இருக்கும் இடத்தில்தான். வெளித்தொகுதியிலிருந்து வந்து மனுப்போட்டவர், மொடக்குறிச்சியில் தனக்கு ஓட்டுப் போட விரும்பினாலும் முடியாது. பூஜ்யம் வாங்கிய எல்லோரும் தன் மேலேயே நம்பிக்கை இல்லாதவர்கள் என்று நினைப்பது தவறு.

சிவகிரி பண்ணையம்

இது எனக்குத் தெரியாதுங்க அம்மணி. என் பங்காளிக்கும் பூஜ்யம்தான். அவருக்கு ஓட்டு இங்கேதான் இருந்தது. எங்கே போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "என் பேரை அச்சுல பார்த்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உதயசூரியனில் குத்திவிட்டு வந்தார். அந்தக் கட்சி ஜெயித்தால் தண்ணீர் வரும் என்று நம்பினார்.

இப்போது அப்படி ஆயிரம் பேர் ஒன்றாக நிற்க முடியுமா என்று நினைத்துப் பார்க்கிறேன். கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடுவது என்று வந்தபோது நாங்களே இரண்டாகிவிட்டோம். கடைமடைக்காரர் போடச் சொல்கிறார், இல்லாவிட்டால் தண்ணீர் தன்னிடம் வந்து சேராது என்கிறார். கிணற்றுப் பாசனக்காரர் வேண்டாம் என்கிறார், கசிவு நின்றால் கிணறு வற்றும் என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரே ஊரில், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எதிரெதிர்ப் பந்தலில் உண்ணாவிரதம் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்த 1996 வரிசையை நினைத்தால் வயிறு பிசைகிறது.

வாய்க்கால்மேடு

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். டீச்சர் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கமே வரவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

1996-ல் அப்பாவின் ஓட்டு மொடக்குறிச்சியிலேயே இல்லை.

அவர் பெயர் பொறந்த ஊர்ப் பட்டியலில், காங்கேயம் தொகுதியில்தான் இருந்திருக்கிறது. இங்கே வந்து பத்து வருடம் ஆகியும் மாற்றவில்லை. "உங்கொப்பன் ஊருக்குப் போய்த்தான் ஓட்டுப் போடுவாரு, மாத்தச் சொல்லி நான் சொன்னா கேட்டாத்தானே" என்றார் அம்மா. ரொம்ப நாள் கழித்துத்தான் இங்கே மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஓர் ஓட்டு அப்பா போட்டதில்லை. நீங்களா போட்டீர்கள் என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், அப்பாவே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, "எனக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதீங்க, ஜெயிக்கிற ஆளுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டாராம். அம்மா, அப்பிச்சி, அம்மிச்சி, மாமா எல்லோரும் அப்படியே செய்திருக்கிறார்கள். ஊரில் 'தனக்குத்தானே போட்டுக்கிட்டான்' என்று பேசியபோது, அம்மாவுக்கு உண்மை தெரியும். அப்பா அவரை வாயைத் திறக்க விடவில்லை. "போட்டது ஆருன்னு தெரியாது. நாம ஏதாச்சும் சொல்லப்போயி, அவங்க மாட்டிக்க வேண்டாம்" என்றாராம்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என் அப்பாவைப் பற்றி நான் தப்பாக நினைத்திருந்திருக்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்கலாம்.

மஞ்சள்மண்டி

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன் நண்பா.

எழுமாத்தூர் தறிக்காரர்

தம்பி, நான் முதலில் எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது. எங்கள் ஆத்தா பட்ட சிரமம் பட்டதுதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அப்பா மாதிரி ஒருவர் அந்தப் புத்தகத்தில் இருந்தார் என்று தெரிந்திருந்தால், ஆத்தாவிடம் அவர் பெயரைப் படித்துக் காட்டியிருப்பேன்.

பூந்துறைப் பொண்ணு

தம்பி, நானும் நேற்று எங்கள் அம்மாவிடம் கேட்டேன். அந்தத் தேர்தல் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் கூலி போய்விடும் என்று அவசரத்தில் இருந்தாராம். பொம்பளைகள் வரிசை பள்ளிக்கூடத்துக்கு வெளியே சாலை வரை நின்றதாம். "உள்ளே போனேன், புஸ்தகத்தைத் தொறந்தேன், மொதப் பக்கத்துல கண்ணுல பட்ட பேருக்குக் குத்திப்போட்டு ஓடியாந்துட்டேன்" என்கிறார். யார் பெயர் என்று தெரியாதாம், அவருக்குப் படிக்கத் தெரியாது.

அகரவரிசை என்று டீச்சர் எழுதியிருந்தார்கள். அதனால் கேட்கிறேன். உங்கள் அப்பா பெயர் எந்த எழுத்தில் தொடங்கும்?

வாய்க்கால்மேடு

'ப' அக்கா. பாதிப் புத்தகத்தையாவது புரட்டியிருக்க வேண்டும்.